ரஷ்யாவின் பண்ணையடிமை முறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்ய நாவல்களைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்குப் பண்ணையாரும், அவருக்குச் சொந்தமான "ஆன்மாக்களும்", அதாவது பண்ணையடிமைகளும், புதியவர்கள் அல்லர். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் வெளியிட்ட நூல்களின் வழியாகவே அந்த உலகம் நம்மில் பலருக்கு அறிமுகமாயிற்று. ஆனால் அந்தப் பண்ணையாருக்கும் குடியானவருக்கும் இடையே இருந்த உறவை எந்தச் சட்டம் உருவாக்கியது, அது எவ்வாறு முடிவுக்கு வந்தது, முடிவுக்குப் பிறகு அந்தக் குடியானவர் என்ன ஆனார் என்பவற்றைக் கதைகள் முழுமையாகச் சொல்வதில்லை. 1861ஆம் ஆண்டின் விடுதலையைப் போற்றுவது நியாயமே. எனினும், அந்த விடுதலைக்கான விலை விடுவிக்கப்பட்டவர்களின் தலையிலேயே சுமத்தப்பட்டது என்பதைக் காணாமல் அதற்குப் பின்வந்த ரஷ்ய வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது. இந்தக் கேள்விகளும் பதில்களும் அதை முன்வைத்தே எழுதப்பட்டுள்ளன.

பண்ணையடிமை என்பவர் யார்?

ஒரு நிலவுடைமையாளரின் நிலத்தோடு சட்டத்தால் பிணைக்கப்பட்டு, அவருடைய அனுமதியின்றி ஊரைவிட்டு வெளியேறவோ, திருமணம் செய்துகொள்ளவோ, வேறு தொழிலுக்குப் போகவோ இயலாதிருந்த குடியானவரே பண்ணையடிமை. அவருக்கென்று வீடும், கால்நடைகளும், தமக்காக உழுதுகொள்ள ஒதுக்கப்பட்ட நிலமும் பெரும்பாலும் இருந்தன. ஆயினும் சட்டத்தின் பார்வையில் அவை எதுவும் உறுதியாக அவருடையவை அல்ல. பண்ணையாருக்குச் செலுத்த வேண்டியவை போக, அரசுக்குத் தலைவரியும் அவரே செலுத்தினார். படைக்கு ஆள் எடுக்கும்போது அந்த ஊரிலிருந்தே ஆள் எடுத்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் படைச்சேவையின் காலம் 25 ஆண்டுகளாக இருந்ததால், மகனைப் படைக்கு அனுப்பும் குடும்பம் அவனை இறந்தவனாகக் கருதி ஒப்பாரி வைத்து வழியனுப்புவது வழக்கமாக இருந்தது.

இந்த முறை எப்படித் தோன்றியது?

ஒரே நாளில், ஒரே ஆணையால் தோன்றியதன்று. ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் கதவு சிறிது சிறிதாகச் சாத்தப்பட்டது. 1497ஆம் ஆண்டில் மூன்றாம் இவான் வெளியிட்ட சட்டத் தொகுப்பு, குடியானவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே, அதாவது நவம்பர் 26ஆம் நாளான இலையுதிர்காலப் புனித யூரி திருநாளுக்கு முந்தைய ஒரு வாரத்திலும் பிந்தைய ஒரு வாரத்திலும் மட்டுமே, கடன்களைத் தீர்த்துக் கட்டணமும் செலுத்திவிட்டு வேறு பண்ணைக்கு மாறலாம் என்று வரையறுத்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், நீண்ட போர்களாலும் பஞ்சத்தாலும் ஊர்கள் காலியாகி, உழுவதற்கு ஆளின்றி நிலங்கள் தரிசாகக் கிடந்தபோது, சில ஆண்டுகளை "தடை ஆண்டுகள்" என அறிவித்து அந்த உரிமையும் நிறுத்திவைக்கப்பட்டது. தற்காலிகம் என்று தொடங்கிய தடை விலக்கப்படவே இல்லை. 1597ஆம் ஆண்டின் ஆணை, தப்பியோடியவரை 5 ஆண்டுகள் வரை தேடிப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவரலாம் என்றது. இறுதியாக 1649ஆம் ஆண்டில் ஜார் அலெக்சேய் மிகாய்லவிச்சின் சட்டத் தொகுப்பு அந்தக் கால வரம்பையும் நீக்கிற்று. அதன்பின் தப்பியோடியவர் எத்தனை ஆண்டுகளுக்குப் பின்னர் பிடிபட்டாலும், குடும்பத்தோடும் உடைமைகளோடும் பழைய பண்ணையாரிடமே ஒப்படைக்கப்பட்டார்.

இதற்குப் பின்னிருந்த காரணத்தைப் பண்ணையார்களின் பேராசை என்று மட்டும் சொல்லிவிட இயலாது. மாஸ்கோ அரசு தன் குதிரைப்படை வீரர்களுக்குப் பணத்தால் அன்று, நிலத்தால் ஊதியம் வழங்கியது. உழுபவர் இல்லாத நிலத்தால் எந்த வீரரும் குதிரையும் ஆயுதமும் வாங்க இயலாது. ஆகவே உழுபவரை நிலத்தோடு கட்டிவைப்பது அரசின் படைத்தேவையாயிற்று. பிரபுக்கள் அரசுக்குச் சேவை செய்யக் கடமைப்பட்டவர்கள், குடியானவர்கள் பிரபுக்களுக்குச் சேவை செய்யக் கடமைப்பட்டவர்கள் என்பதே அந்த ஏற்பாட்டின் நியாயமாகச் சொல்லப்பட்டது. ஆனால் 1762ஆம் ஆண்டில் மூன்றாம் பீட்டர் ஓர் அறிக்கையின் மூலம் பிரபுக்களைக் கட்டாய அரசுச் சேவையிலிருந்து விடுவித்தபோது, அந்த ஏற்பாட்டின் ஒரு பாதி மறைந்து, குடியானவர்கள் சுமந்த மறுபாதி மட்டும் அப்படியே நிலைத்தது. பண்ணையடிமை முறைக்கு அதுவரை ஏதேனும் நியாயம் இருந்திருந்தால், அந்த ஆண்டோடு அது தீர்ந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

ரஷ்யக் குடியானவர்கள் அனைவரும் பண்ணையடிமைகளாக இருந்தார்களா?

இல்லை. 1857-58ஆம் ஆண்டுகளின் கணக்கெடுப்பின்படி, தனியார் பண்ணைகளில் ஆணும் பெண்ணுமாக ஏறத்தாழ 2.3 கோடிப் பேர் இருந்தனர். இது மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஏறக்குறைய அதற்கு இணையான எண்ணிக்கையில் அரசுக் குடியானவர்கள் இருந்தனர். அவர்கள் அரசுக்கு வரியும் நிலவாடகையும் செலுத்தினர். தனிப்பட்ட எசமானர் அவர்களுக்கு இல்லை. வெண்கடல் கரையோரத்து வடபகுதியிலும் சைபீரியாவிலும் தனியார் பண்ணையடிமை முறை வேரூன்றவே இல்லை.

பண்ணையடிமைகள் என்னென்ன கடமைகளைச் செய்ய வேண்டியிருந்தது?

இரண்டு வகையான கடமைகள் இருந்தன. முதலாவது பார்ஷ்சினா: வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள் பண்ணையாரின் நிலத்தில் கூலியின்றி உழைப்பது. வளமான கரிசல் மண் நிறைந்த தென்பகுதி மாவட்டங்களில் இதுவே மிகுதி. 1797ஆம் ஆண்டில் ஜார் பாவெல் ஞாயிற்றுக்கிழமையில் வேலை வாங்கக் கூடாது என்று தடை செய்து, வாரத்துக்கு 3 நாட்கள் போதும் என்றும் அறிவித்தார். ஆனால் அறுவடைக் காலத்தில் அதைப் பொருட்படுத்தாத பண்ணையார்களே பலர். இரண்டாவது ஓப்ரோக்: உழைப்புக்குப் பதிலாக ஆண்டுதோறும் பணமோ பொருளோ செலுத்துவது. மண்வளம் குறைந்த வடக்கிலும் மையப்பகுதியிலும் இது பரவலாக இருந்தது. ஓப்ரோக் செலுத்தியவர்கள் பண்ணையாரின் அனுமதிச் சீட்டோடு நகரங்களுக்குச் சென்று தச்சராகவும், வண்டியோட்டியாகவும், வணிகராகவும் உழைத்தனர்.

இவர்களைவிட நிலை தாழ்ந்தவர்கள் வீட்டுப் பணியாட்கள். இவர்களுக்கு நிலமே கிடையாது. சமையல், குதிரை லாயம், தையல் என எசமானரின் வீட்டிலேயே வாழ்ந்து, அவருடைய மனநிலைக்கு ஏற்ப நாளைக் கழித்தவர்கள்.

அவர்களை விற்க முடிந்ததா? அமெரிக்க அடிமை முறையோடு இதை ஒப்பிடலாமா?

விற்க முடிந்தது. நிலத்தோடு சேர்த்து மட்டுமன்றி, நிலமின்றித் தனியாளாகவும் விற்றார்கள். 18ஆம் நூற்றாண்டின் செய்தித்தாள்களில் குதிரை, வண்டி விற்பனை விளம்பரங்களின் பக்கத்திலேயே சமையல்காரர், பணிப்பெண் விற்பனைக்கு என்ற விளம்பரங்களும் வெளிவந்தன. 1801ஆம் ஆண்டில் முதலாம் அலெக்சாந்தர் அத்தகைய விளம்பரங்களைத் தடை செய்தார். விற்பனையைத் தடை செய்யவில்லை. குடும்பத்தைப் பிரித்து விற்கக் கூடாது என்ற சட்டம் 1833இல்தான் வந்தது.

ஒப்பீட்டைப் பொறுத்தவரை, வேறுபாடுகளையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ரஷ்யாவில் எசமானரும் அடிமையும் ஒரே மொழியைப் பேசினார்கள், பெரும்பாலும் ஒரே திருச்சபையில் வழிபட்டார்கள். குடியானவர்களுக்குத் தங்கள் ஊர்ச் சமூகம் இருந்தது. நிலத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தது. "நாங்கள் உங்களுடையவர்கள், ஆனால் நிலம் எங்களுடையது" என்ற உறுதியான நம்பிக்கையும் இருந்தது. அமெரிக்கத் தோட்டங்களில் இவற்றுக்கு இடமில்லை. ஆனால் சவுக்கடி, விற்பனை, பெண்கள் மீதான வன்முறை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்தால், வீட்டுப் பணியாட்களின் வாழ்க்கைக்கும் அமெரிக்க அடிமைகளின் வாழ்க்கைக்கும் இடையே கோடு கிழிப்பது கடினம்.

கொடுமை செய்த பண்ணையார்களைச் சட்டம் தண்டிக்கவில்லையா?

மிக அரிதாகவே தண்டித்தது. 1760ஆம் ஆண்டின் ஆணைப்படி பண்ணையார் தம் குடியானவரை விசாரணையின்றிச் சைபீரியாவுக்கு நாடு கடத்தலாம். 1765 முதல் கடின உழைப்புத் தண்டனைக்கும் அனுப்பலாம். 1767ஆம் ஆண்டில் இரண்டாம் காதரீன், பண்ணையார் மீது பேரரசியிடம் நேரடியாக முறையிடுவதையே குற்றமாக்கினார். தத்துவஞானிகளோடு கடிதத் தொடர்பு வைத்திருந்த, அறிவொளிக் கருத்துகளின் ஆதரவாளராகப் புகழப்பட்ட ஓர் அரசியின் ஆட்சியில்தான் பண்ணையடிமை முறை தன் உச்சத்தை எட்டியது என்பது ரஷ்ய வரலாற்றின் மிகக் கசப்பான உண்மைகளுள் ஒன்று.

விதிவிலக்காக அமைந்தது தாரியா சல்திகோவாவின் வழக்கு. மாஸ்கோவுக்கு அருகில் பண்ணைகளை வைத்திருந்த இந்த விதவை, தம் பணிப்பெண்களை அடித்தே கொன்றார். உள்ளூர் அதிகாரிகளுக்குச் சென்ற முறையீடுகள் கையூட்டாலும் செல்வாக்காலும் அமுக்கப்பட்டன. முறையிட்டவர்களே தண்டனை பெற்றனர். 1762இல் இரண்டு குடியானவர்கள் காதரீனின் கையிலேயே மனுவைச் சேர்க்கும் அளவுக்குத் துணிந்தார்கள். அவர்களுள் ஒருவர், சல்திகோவாவால் தம் மனைவியர் மூவரை அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். ஆறு ஆண்டு விசாரணைக்குப் பின் 38 பேரின் மரணத்துக்கு அவரே காரணம் என 1768இல் தீர்ப்பாயிற்று. மரண தண்டனை வழங்கப்படவில்லை. செஞ்சதுக்கத்தில் மக்கள் முன் நிறுத்தப்பட்டு, ஒரு கன்னிமாடத்தின் இருண்ட நிலவறையில் அடைக்கப்பட்ட அவர், 1801இல் சிறையிலேயே இறந்தார். பண்ணையார்கள் மீது முறையிடுவதற்கான தடை இந்த வழக்கு நடந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே வந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

குடியானவர்கள் எதிர்த்துப் போராடினார்களா?

தப்பியோடுதல், வேலையை மந்தமாகச் செய்தல், பண்ணை வீட்டுக்குத் தீ வைத்தல் எனச் சிறிய எதிர்ப்புகள் இடைவிடாமல் இருந்தன. பெரும் கிளர்ச்சிகளுள் கடைசியானது புகச்சோவின் தலைமையில் 1773 முதல் 1775 வரை நடந்தது. டான் பகுதிக் கொசாக்கியரான (எல்லைப்புறக் குதிரைவீரச் சமூகத்தைச் சேர்ந்தவர்) எமில்யான் புகச்சோவ், 1762இல் ஆட்சியிழந்து இறந்த ஜார் மூன்றாம் பீட்டர் உண்மையில் உயிர்தப்பினார், அவர் தாமே என்று அறிவித்துக்கொண்டு, யூரல் பகுதிக் கொசாக்கியரையும், பஷ்கீர் மக்களையும், சுரங்க ஆலைத் தொழிலாளர்களையும், இறுதியில் வோல்கா பகுதிக் குடியானவர்களையும் திரட்டினார். 1774 ஜூலையில் அவர் வெளியிட்ட அறிக்கை குடியானவர்களை விடுவித்து, நிலத்தையும் காட்டையும் ஆற்றையும் அவர்களுக்கு வழங்குவதாகக் கூறியது. 1775 ஜனவரியில் மாஸ்கோவில் அவர் கொல்லப்பட்டார். அவருடைய பெயர் பண்ணையார்களுக்கு அச்சமாகவும் குடியானவர்களுக்கு நம்பிக்கையாகவும் அடுத்த நூற்றாண்டு முழுவதும் நிலைத்திருந்தது.

கலைஞர்களும் செல்வந்தர்களும்கூடப் பண்ணையடிமைகளாக இருந்தார்கள் என்பது உண்மையா?

உண்மையே. பண்ணையடிமை முறை எத்தகைய மனிதர்களைப் பிணைத்து வைத்திருந்தது என்பதை இவர்களுடைய வாழ்க்கை சொல்வதுபோல் எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. ஏறத்தாழ 2,00,000 பண்ணையடிமைகளுக்கு உரிமையாளராக இருந்த ஷெரெமேத்தியெவ் பிரபுக் குடும்பம், மாஸ்கோவுக்கு அருகில் குஸ்கோவோ, ஒஸ்தான்கினோ மாளிகைகளில் தன் அடிமைகளைக் கொண்டே இசை நாடக அரங்கு நடத்தியது. அதன் தலைசிறந்த பாடகி பிரஸ்கோவியா ழெம்சுகோவா, ஒரு கொல்லரின் மகள். நிக்கலாய் ஷெரெமேத்தியெவ் அவரை நேசித்து, 1798இல் விடுதலை அளித்து, 1801இல் இரகசியமாக மணந்துகொண்டார். 1803இல் மகனைப் பெற்ற சில வாரங்களில் பிரஸ்கோவியா இறந்தார். மாஸ்கோவில் ஏழைகளுக்காக எழுந்த ஷெரெமேத்தியெவ் மருத்துவ இல்லம் அவருடைய நினைவோடு இணைந்தது.

உக்ரைனியக் கவிஞரும் ஓவியருமான தாராஸ் ஷெவ்சென்கோ பிறப்பால் பண்ணையடிமை. ஓவியர் கார்ல் பிரியூலோவ், கவிஞர் ஷுகோவ்ஸ்கியின் உருவப்படத்தை வரைந்து கொடுக்க, அதைக் குலுக்கல் சீட்டில் வைத்துத் திரட்டிய 2,500 ரூபிள்களைக் கொண்டு 1838இல் அவருடைய விடுதலை வாங்கப்பட்டது. 24 வயது இளைஞர் ஒருவரின் சுதந்திரத்துக்கு எசமானர் கேட்ட விலை அது. எழுத்தாளர் ஆன்டன் செகாவின் பாட்டனார் 1841இல் 3,500 ரூபிள் செலுத்திக் குடும்பத்தோடு விடுதலை பெற்றார். நெசவுத் தொழிலால் செல்வம் சேர்த்த சாவா மொரோசோவ் 1820இல் 17,000 ரூபிள் கொடுத்துத் தம்மையும் தம் குடும்பத்தையும் மீட்டுக்கொண்டார். பின்னர் ரஷ்யாவின் மிகப் பெரிய ஆலை முதலாளிக் குடும்பங்களுள் ஒன்று அவரிடமிருந்தே கிளைத்தது.

கோகோலின் "இறந்த ஆன்மாக்கள்" நாவலில் இறந்துபோன பண்ணையடிமைகளை ஒருவர் ஏன் விலைக்கு வாங்குகிறார்?

தலைவரி, கணக்கெடுப்பில் பதிவான ஒவ்வோர் ஆணின் பேரிலும் விதிக்கப்பட்டது. இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையே பல ஆண்டுகள் கழிந்தன. இடையில் இறந்தவர்கள் அடுத்த கணக்கெடுப்பு வரை ஏட்டில் உயிரோடு இருந்தார்கள், அவர்களுக்கும் வரி செலுத்த வேண்டியிருந்தது. அதே சமயம், அரசுக் கடன் நிறுவனங்கள் பண்ணையடிமைகளை அடமானமாகப் பெற்றுக்கொண்டு கடன் வழங்கின. ஆகவே வரிச்சுமையிலிருந்து தப்ப நினைக்கும் பண்ணையார்களிடம் இறந்தவர்களை மலிவாக வாங்கி, ஏட்டில் உயிரோடு இருப்பதால் அவர்களையே அடமானம் வைத்துக் கடன் பெறலாம் என்பதே 1842இல் வெளிவந்த அந்தக் கதையின் மையச் சூழ்ச்சி. அடமானம் எவ்வளவு பரவலானது என்பதற்கு ஒரு சான்று: 1859ஆம் ஆண்டளவில் ரஷ்யப் பண்ணையடிமைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அடமானத்தில் இருந்தனர்.

1861இல் விடுதலை வந்ததற்கு என்ன காரணம்?

பல காரணங்கள் ஒன்றுகூடின. இந்த முறை தீயது என்பதை முதலாம் நிக்கலாயே ஒப்புக்கொண்டார்; ஆனால் அதில் கை வைப்பது அதைவிடப் பெரிய தீமையாகும் என்று அஞ்சினார். 1853 முதல் 1856 வரை நடந்த கிரீமியப் போரில் ரஷ்யா தன் சொந்த மண்ணிலேயே தோற்றபோது, பண்ணையடிமைகளை நம்பிய பொருளாதாரமும் படையும் ஐரோப்பிய வல்லரசுகளுக்கு ஈடுகொடுக்க இயலாது என்பது அம்பலமாயிற்று. 1856 மார்ச்சில் இரண்டாம் அலெக்சாந்தர் மாஸ்கோ பிரபுக்களிடம், இந்த முறை கீழிருந்து தானாக ஒழியும்வரை காத்திருப்பதைவிட மேலிருந்து ஒழிப்பதே மேல் என்று வெளிப்படையாகச் சொன்னார். அரசரின் மனச்சான்றும் உயரதிகாரி நிக்கலாய் மில்யூத்தின் போன்றோரின் உழைப்பும் இதில் உண்டு. ஆனால் அச்சமும் தோல்வியும் இல்லாதிருந்தால் அவை மட்டும் போதுமானவையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

விடுதலைச் சட்டம் எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை?

பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி 1861 பிப்ரவரி 19 அன்று, இன்றைய நாட்காட்டிப்படி மார்ச் 3 அன்று, அலெக்சாந்தர் அறிக்கையில் கையொப்பமிட்டார். குடியானவர் அன்று முதல் யாருடைய உடைமையும் அல்லர். அவர் விரும்பியபடி மணம் செய்துகொள்ளலாம், சொத்து வாங்கலாம், வணிகம் செய்யலாம், நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். இதன் பெருமையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அமெரிக்காவில் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வருவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, போரின்றி, 2.3 கோடி மக்கள் சட்டப்படி மனிதர்களாயினர்.

நிலம் வேறு கதை. நிலம் முழுவதும் பண்ணையாருடையதே என்று சட்டம் அறிவித்தது. குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக உழுத பங்கை அவர்கள் விலை கொடுத்தே பெற வேண்டும். அந்தப் பங்கும் பல இடங்களில் வெட்டிச் சுருக்கப்பட்டது. சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு பண்ணையார் கைக்குத் திரும்பிப் போயிற்று. அவ்வாறு வெட்டப்பட்டவை பெரும்பாலும் மேய்ச்சல் நிலமும், புல்வெளியும், தண்ணீருக்குச் செல்லும் வழியுமாக இருந்ததால், அவற்றைப் பயன்படுத்தக் குடியானவர்கள் மீண்டும் பண்ணையாரின் வயலில் உழைக்க நேர்ந்தது. வீட்டுப் பணியாட்களுக்கு நிலம் அறவே இல்லை.

நிலத்துக்காகக் குடியானவர் கொடுக்க வேண்டியிருந்த இந்த விலை, அதாவது மீட்புத்தொகை, கணக்கிடப்பட்ட விதம் கவனத்துக்குரியது. நிலத்தின் சந்தை விலை அளவுகோலாகக் கொள்ளப்படவில்லை; குடியானவர் அதுவரை செலுத்திய ஓப்ரோக்கை 6 விழுக்காடு வட்டியாகத் தரக்கூடிய மூலதனமே விலையாக வைக்கப்பட்டது. ஆண்டுக்கு 10 ரூபிள் செலுத்தியவருக்கு விலை 166 ரூபிள் 67 கோபெக். இதில் ஐந்தில் நான்கு பங்கை, அதாவது 133 ரூபிள் 33 கோபெக்கை, அரசு பண்ணையாருக்குக் கடன் பத்திரங்களாகக் கொடுத்தது. மீதியைக் குடியானவர் நேரடியாகக் கொடுக்க வேண்டும். அரசு கொடுத்த தொகையைக் குடியானவர் ஆண்டுக்கு 6 விழுக்காடு வீதம் 49 ஆண்டுகள் திருப்பிச் செலுத்த வேண்டும். அதாவது ஆண்டுக்கு 8 ரூபிள், 49 ஆண்டுகளில் 392 ரூபிள். முன்பு எசமானருக்குக் கொடுத்த வாடகைதான் இப்போது அரசின் வழியாக எசமானரின் மூலதனமாக மாறியது. நாடு முழுவதற்குமான மீட்பு மதிப்பு ஏறத்தாழ 86.7 கோடி ரூபிள். அதே நிலங்களின் 1850களின் சந்தை மதிப்போ ஏறத்தாழ 54.4 கோடி மட்டுமே. இந்த வேறுபாடு நிலத்துக்கான விலை அன்று. விடுதலை பெற்ற மனிதருக்கான விலை, அதை அவரே செலுத்தினார்.

கடனுக்குத் தனிமனிதர் அன்று, ஊர்ச் சமூகமே கூட்டாகப் பொறுப்பேற்றது. ஒருவர் செலுத்தாவிட்டால் அண்டை வீட்டார் செலுத்த வேண்டும். எனவே ஊரைவிட்டு வெளியே போக விரும்புபவருக்கு ஊரின் அனுமதியும் உள்நாட்டுக் கடவுச்சீட்டும் தேவைப்பட்டன. பண்ணையாரின் கட்டு இருந்த இடத்தில் சமூகத்தின் கட்டு வந்தது. குடியானவர்களுக்கென்று அமைந்த வட்டார நீதிமன்றங்கள் 1904ஆம் ஆண்டு வரை அவர்களுக்குக் கசையடித் தண்டனை வழங்க முடிந்தது.

குடியானவர்கள் இதை எவ்வாறு எதிர்கொண்டனர்?

பலருக்கு நம்பவே முடியவில்லை. ஜார் உண்மையான, முழு விடுதலையைக் கொடுத்துவிட்டார், பண்ணையார்களும் அதிகாரிகளும் அதை மறைக்கிறார்கள் என்ற எண்ணம் ஊர் ஊராகப் பரவியது. காசான் மாகாணத்தின் பெஸ்த்னா கிராமத்தில், எழுத்தறிந்த குடியானவரான ஆன்டன் பெத்ரோவ், சிக்கலான சட்ட நூலைத் தம் வழியில் படித்து, நிலமும் விடுதலையும் உடனடியாகக் கிடைத்துவிட்டன என்று விளக்கம் சொன்னார். அவரைக் காக்க ஆயிரக்கணக்கானோர் ஆயுதமின்றிக் கூடினர். 1861 ஏப்ரல் 12 அன்று படைகள் அவர்கள் மீது சுட்டதில் பலர் இறந்தனர். சில நாட்களில் பெத்ரோவும் சுட்டுக் கொல்லப்பட்டார். இறந்தவர்களுக்கான வழிபாட்டில் உரையாற்றிய காசான் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் அபனாசி ஷாப்போவ் கைது செய்யப்பட்டார்.

மீட்புத்தொகை எப்போது முடிவுக்கு வந்தது? 1917க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிலுவை ஆண்டுதோறும் பெருகியதால், 1881இல் அரசு தொகையைக் குறைத்து, அதுவரை மீட்பில் சேராதிருந்தவர்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. 1905ஆம் ஆண்டுப் புரட்சியில் கிராமங்கள் பண்ணை வீடுகளுக்குத் தீ வைத்த பிறகே, அந்த நவம்பரில் வெளியான அறிக்கை, தொகையை அடுத்த ஆண்டு பாதியாக்கி, 1907 ஜனவரி 1 முதல் முற்றிலும் நீக்கியது. விடுதலைக்குப் பின் இரண்டு தலைமுறைகள் வாழ்ந்து முடிந்திருந்தன. 1861இல் வெட்டப்பட்ட நிலங்களை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை. 1917இல் ஜார் ஆட்சி வீழ்ந்தபோது, குடியானவர்கள் எந்தக் கட்சியின் ஆணைக்கும் காத்திராமல் பண்ணை நிலங்களைத் தாங்களே பங்கிடத் தொடங்கியதற்கு இந்த நீண்ட நினைவே முதன்மைக் காரணம் என்பது என் கருத்து. போல்ஷெவிக்குகளின் நில ஆணை, ஊர்களில் ஏற்கெனவே தொடங்கிவிட்ட ஒன்றுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது.

சோவியத் காலத்தில் கிராமத்தாருக்கு முழுமையான நடமாட்ட உரிமை கிடைத்ததா?

உடனே கிடைக்கவில்லை. 1932இல் உள்நாட்டுக் கடவுச்சீட்டு முறை கொண்டுவரப்பட்டபோது, கூட்டுப்பண்ணை விவசாயிகளில் பெரும்பாலோருக்கு அது வழங்கப்படவில்லை. சீட்டு இல்லாதவர் நகரத்தில் நிலையாகத் தங்கவோ வேலை தேடவோ இயலாது. படைச்சேவை, படிப்பு, தொழிற்சாலைகளின் ஆள்சேர்ப்பு ஆகியவையே வெளியேறும் வழிகளாக இருந்தன. இதைப் பழைய பண்ணையடிமை முறையோடு ஒன்றாக்கிவிடக் கூடாது; அங்கே விற்பனை இல்லை, பள்ளியும் மருத்துவமும் ஊருக்கு வந்தன. ஆயினும் ஊரைவிட்டுப் போக அனுமதி கேட்க வேண்டிய நிலையைக் கிராமத்து முதியவர்கள் நன்றாகவே அடையாளம் கண்டுகொண்டார்கள். எல்லாக் குடிமக்களுக்கும் கடவுச்சீட்டு வழங்கும் முடிவு 1974இல் எடுக்கப்பட்டு, 1976 முதல் நடைமுறைக்கு வந்தது.